“இயற்கை” டியோடரன்ட் என் அக்குளைப் புண்ணாக்கியது ஏன், டாக்டர்?

பள்ளி ஆசிரியையாக இருக்கும் 38 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 61 வயதான தம் அம்மாவை அவர் மேமோகிராம் எடுக்க அழைத்துச் சென்றிருக்கிறார். “அக்குளில் ஏதாவது பூசியிருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள்” என்று அங்கே சொன்னார்கள். பரிசோதனையில் மார்பகப் புற்றுநோய் தெரியவந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அம்மா இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அன்று கேட்ட அந்த வாக்கியம் மகளின் மனதில் தங்கிவிட்டது. பிறகு கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ரோல்-ஆன்களில் இருக்கும் அலுமினியம் வியர்வையை அடைத்துவிடுகிறது, வெளியேற வேண்டிய நச்சு மார்பகத்தில் தேங்கிப் புற்றுநோயாகிறது என்றது அது. தாயும் மகளும் பல ஆண்டுகளாக ஒரே ரோல்-ஆனைப் பயன்படுத்தியவர்கள். “அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துப் பழக்கியவளே நான்தான், டாக்டர்” என்று எழுதியிருக்கிறார்.

ரோல்-ஆனைக் குப்பையில் போட்டுவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன் “அலுமினியம் இல்லாத, முழுக்க இயற்கையான” டியோடரன்ட் குச்சி ஒன்றை வாங்கினார். தேங்காய் எண்ணெய், மாவு, சமையல் சோடா, நறுமண எண்ணெய்கள் கலந்தது. முதல் இரண்டு வாரம் வாடை முன்பைவிட அதிகமானது. “உடல் நச்சை வெளியேற்றுகிறது, ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று உறையில் அச்சிட்டிருந்தது. பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அக்குள் சிவந்து எரிந்தது, தோல் உரிந்தது, இப்போது கறுத்துப் போயிருக்கிறது. அதை நிறுத்திவிட்டுப் படிகாரக் கல்லைத் தேய்த்துப் பார்த்தார், அதுவும் எரிந்தது. மதியத்துக்குள் உடையின் அக்குள் பகுதி நனைந்துவிடுவதால், கரும்பலகையில் மேலே எழுதக் கையை உயர்த்துவதையே தவிர்க்கிறாராம். ஒருநாள் ஆசிரியர் அறையில் பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஜன்னலைத் திறந்ததையும் எழுதியிருக்கிறார். 13 வயது மகளுக்கும் இப்போது வியர்வை வாடை தொடங்கியிருக்கிறது. “அவளுக்கு எதைக் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் பயமாக இருக்கிறது.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளில் பெரியது மகளைப் பற்றியதோ அக்குளைப் பற்றியதோ அன்று என்று நினைக்கிறேன். “வாங்கிக் கொடுத்தவளே நான்தான்” என்ற வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததற்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த ரோல்-ஆன் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. காரணங்களைக் கீழே தருகிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

மேமோகிராம் அறையில் துடைத்துவிட்டு வரச் சொன்னது, அந்தப் பூச்சு புற்றுநோய் தரும் என்பதற்காக அன்று. அலுமினியம் போன்ற உலோக உப்புகளும் பவுடரும் எக்ஸ்ரே படத்தில் சிறு வெண்புள்ளிகளாகத் தெரியலாம். மார்பகப் புற்றுநோயின் தொடக்கத்தில் சில நேரம் தெரியும் சுண்ணாம்புப் படிவுகளும் அதே போன்ற வெண்புள்ளிகள்தான். படத்தைப் பார்க்கும் மருத்துவர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு அது. யாராவது ஒருவர் அன்று அரை நிமிடம் செலவழித்து இந்தக் காரணத்தை உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்தக் கைப்பேசிச் செய்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

அலுமினியமும் மார்பகமும்

1990களின் இறுதியில் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிய வதந்தியின் இன்றைய வடிவம்தான் உங்களுக்கு வந்தது. அது இரண்டு பிழைகளின் மேல் நிற்கிறது. முதலாவது, வியர்வை வழியாக நச்சு வெளியேறுகிறது என்பது. வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர்; மீதியில் பெரும்பகுதி உப்பு. கழிவை அகற்றுவது கல்லீரலின் வேலை, சிறுநீரகத்தின் வேலை. இரண்டாவது, வியர்வை அடைபட்டால் அது நிணநீர் முடிச்சுகளில் தேங்கும் என்பது. அக்குளில் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவற்றுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் இடையே குழாய்த் தொடர்பு கிடையாது. அக்குளை ஒட்டிய மேல்பகுதியில் கட்டிகள் அதிகம் வருகின்றன என்பதையும் அந்தச் செய்தி சான்றாகக் காட்டியிருக்கும். மார்பகத்தின் சுரப்பித் திசு அந்தப் பகுதியில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் கட்டியும் அங்கே அதிகம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டார்கள். வியர்வை தடுப்பான் பூசுவதற்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. சவரம் செய்த உடனே பூசியவர்களிடமும் தென்படவில்லை. 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு 20 கட்டிகளில் பாரபென் என்ற பதப்படுத்தும் பொருளைக் கண்டதாகச் சொன்னதும் உலகமெங்கும் பரபரப்பு எழுந்தது. ஆனால் நோயில்லாத திசுவில் அது இருக்கிறதா என்று அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பாரபென் டியோடரன்டிலிருந்து வந்தது என்றும் காட்டவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிக இளம் வயதிலிருந்து மிக அடிக்கடி பூசியதாகச் சொன்ன பெண்களிடம் நோய் சற்று அதிகம் என்று 2017இல் ஆஸ்திரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் நோய் வந்தவர்களிடம் பல ஆண்டுகளுக்கு முந்தைய பழக்கத்தை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நோய் வந்தவர் தம் கடந்த காலத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார், தம்மைத்தாமே சந்தேகிப்பார். நீங்கள் இந்த இரண்டு ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்தால், அத்தகைய நினைவை ஏன் அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது புரியும்.

தோல் வழியாக எவ்வளவு அலுமினியம் உள்ளே போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2001இல் இருவரிடம் மட்டும் செய்த சோதனையில் பூசியதில் 0.012 சதவீதம்தான் உள்ளே போனது. பின்னர் இன்னும் கவனமாகச் செய்த சோதனைகளில் அதைவிடக் குறைவு. ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2014இல் இதுகுறித்துக் கவலை தெரிவித்தது. புதிய அளவீடுகள் வந்ததும் 2020இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, உடல்நலப் பாதிப்பு ஏற்பட வாய்ப்பில்லை என்றது. எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை கூடியதே அது முதலில் கவலைப்பட்டதால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உடலுக்குள் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். ஆகவே சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இவற்றைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் ரோல்-ஆனை மாற்றினீர்கள், குச்சியை மாற்றினீர்கள், கல்லை மாற்றினீர்கள். உங்கள் மார்பகங்களை ஒரு மருத்துவரிடம் காட்டியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அம்மாவின் மருத்துவ அறிக்கைகளின் நகலோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் சகோதரிகள், பாட்டி, மாமா என்று குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது, மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடை வேறு, ஈரம் வேறு

இப்போது அக்குளுக்கு வருவோம். அங்கே இரண்டு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடல் முழுவதும் இருப்பது. உடலைக் குளிர்விக்கத் தண்ணீர் போன்ற வியர்வையைத் தருவது. இருபது லட்சம் முதல் நாற்பது லட்சம் வரை இந்தச் சுரப்பிகள் நம் தோலில் இருக்கின்றன. அவற்றில் அக்குளில் இருப்பவை சொற்பமே. மற்றொன்று அக்குள், தொடையிடுக்கு போன்ற சில இடங்களில் மட்டும் இருந்து, பூப்பெய்தும் பருவத்தில் விழித்துக்கொள்வது. அது சுரக்கும் கெட்டியான நீரில் கொழுப்பும் புரதமும் இருக்கும். சுரந்த கணத்தில் அதற்கும் வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அந்த வெங்காயம் போன்ற காட்டமான வாடை கந்தகம் கலந்த ஒரு சேர்மத்தால் வருகிறது. அதை உண்டாக்கும் நொதியை, ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவில் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விரிவாக விளக்கினார்கள்.

டியோடரன்ட் வாடையைக் கவனிக்கும். பாக்டீரியாவைக் குறைக்கும் அல்லது மணத்தால் மறைக்கும். ஈரத்தை அது நிறுத்தாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் எனப்படும் வியர்வை தடுப்பான்தான் ஈரத்தைக் குறைக்கும். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையில் கரைந்து, சுரப்பியின் வாயில் கூழ் போல உறைந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. தோல் புதுப்பிக்கப்படும்போது சில நாட்களில் அந்த அடைப்பும் உதிர்ந்துவிடும். அமெரிக்காவில் டியோடரன்ட் அழகுசாதனப் பொருள், வியர்வை தடுப்பானோ மருந்து. அந்தப் பெயரில் விற்க, குறைந்தது 20 சதவீதம் வியர்வையைக் குறைத்தால் போதும் என்பது அங்குள்ள விதி. அதாவது, ஐந்தில் நான்கு பங்கு வியர்வை வந்துகொண்டே இருந்தாலும் அது வியர்வை தடுப்பான்தான். உடலே அடைபட்டுப்போகும் என்ற பயத்துக்கு இதில் இடம் எங்கே?

இயற்கை டியோடரன்டுகள் எல்லாமே, பெயருக்கு ஏற்றபடி, டியோடரன்டுகள் மட்டுமே. மாவு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். கரும்பலகை முன் கையைத் தூக்கத் தயங்கும் உங்கள் பிரச்சினை ஈரம். அதற்கு வாடைக்கான பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு மாதம் பொறுத்திருந்தாலும் ஒரு வருடம் பொறுத்திருந்தாலும் உடை நனையத்தான் செய்யும்.

முதல் இரண்டு வாரம் வாடை கூடியதற்கு நச்சு நீக்கம் காரணமன்று. பல ஆண்டுகளாக அடக்கிவைத்திருந்த ஈரம் திரும்பியது. ஈரம் திரும்பியதும் பாக்டீரியாக்கள் பெருகின. அலுமினியம் பூசுவதை நிறுத்தும்போது அக்குளில் எந்த வகை பாக்டீரியா மிகுதியாக வாழ்கிறது என்பது மாறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை ‘நச்சு நீக்கம்’ என்று உறையில் அச்சிட்டு, எரிகிற தோலையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. எரிச்சல் என்பது தோல் ‘நிறுத்து’ என்று சொல்வது. அதை நல்ல அறிகுறி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எரிந்தது எதனால்?

நீங்கள் கடிதத்தில் “எரிகிறது” என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். “அரிக்கிறது” என்று ஓரிடத்தில்கூட இல்லை. எனக்கு இது முக்கியமான துப்பு. சவரம் செய்த நாளில், பூசிய சில நிமிடங்களிலேயே எரிந்தது என்றும் சொல்கிறீர்கள். இது பெரும்பாலும் சமையல் சோடாவின் வேலை. நம் தோல் இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை உடையது, சோடாவோ காரம். கத்தி பட்டு மேல்தோல் தேய்ந்த இடத்தில், மடிப்புக்குள், நாள் முழுவதும் ஈரத்தோடு காரத்தை வைத்துத் தேய்த்தால் தோலின் காப்பு அரண் கரைந்துவிடும். பிறகு படிகாரம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

ஒவ்வாமை வேறு மாதிரி வரும். பூசி ஒன்றிரண்டு நாள் கழித்துக் கடுமையான அரிப்பு, சிறு கொப்புளம், பூசாத இடத்துக்கும் பரவுவது என்று இருக்கும். அதற்குப் பெரும்பாலும் காரணம் நறுமணப் பொருள்கள். லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் என்று செடியிலிருந்து வந்ததாலேயே அவை தோலுக்குச் சாதுவானவை ஆகிவிடாது. அவற்றில் உள்ள லினலூல், லிமோனின் போன்றவை காற்றுபட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. வழக்கமான டியோடரன்டுகளிலும் இதே வாசனைப் பொருள்கள் உண்டு என்பதால், இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

படிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். ஆம், அலுமினியம். அது உங்களுக்குத் தீங்கு செய்துவிட்டதாக இப்போது புதிதாகப் பயப்பட வேண்டாம். அலுமினியத்தைவிட்டு ஓடி அலுமினியத்திடமே வந்து சேர வைக்கும் விளம்பரங்களைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். “இயற்கை” என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் அழகுசாதனச் சட்டத்தில் வரையறையே கிடையாது. உறையின் முன்பக்கத்தை விடுங்கள்; பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதைத் தராத பொருளை வாங்காமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனி என்ன செய்யலாம்?

*முதல் இரண்டு வாரம் எதுவும் பூசாதீர்கள்.* சவரமும் வேண்டாம். வாசனையில்லாத மென்மையான கழுவியால் ஒருமுறை கழுவி, ஒற்றி எடுத்து, வாசலின் போன்ற எளிய களிம்பை மெலிதாகத் தடவுங்கள். சிவப்பு இன்னும் இருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை ஒரு வாரத்துக்குள் மட்டும் பயன்படுத்தலாம். பூஞ்சைக்கும் கிருமிக்கும் அழற்சிக்கும் சேர்த்து ஒரே டியூபில் வரும் கலவைக் களிம்பை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அக்குள் போன்ற மடிப்பில் அது தோலை மெலிய வைத்து, மாறாத வரிகளை உண்டாக்கும்.

கறுப்பு, அழற்சி விட்டுச்சென்ற தடம். பல மாதங்களில் தானாக மங்கும். சுரண்டித் தேய்த்தாலும் வெளுப்புக் களிம்பு பூசினாலும் இன்னும் கறுக்கும். கழுத்திலும் அதே போல வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள். அப்போது சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

*தோல் ஆறியபின், ஈரத்துக்கு வியர்வை தடுப்பான்.* வாசனையில்லாததாகப் பாருங்கள். பெரும்பாலோர் காலையில் குளித்த ஈரத்தோடு பூசிக்கொண்டு ஓடுகிறார்கள். அது பாதி வீண். இரவில் வியர்வை குறைவு. படுக்கும் முன், நன்றாகக் காய்ந்த தோலில் மெலிதாகப் பூசுங்கள். காலையில் குளித்துவிடலாம், அடைப்பு குளியலில் போகாது. ஒரு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் போதும். சவரம் செய்த அன்று வேண்டாம்.

*அலுமினியம் வேண்டாம் என்றே மனம் சொன்னால்,* அதையும் மதிக்கிறேன். அம்மாவின் நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு ஆய்வு எண்களால் மட்டும் பயம் போய்விடாது. சோடா இல்லாத, வாசனை இல்லாத டியோடரன்டைத் தேர்ந்தெடுங்கள். மக்னீசியம் ஹைட்ராக்சைடு, துத்தநாக ரிசினோலியேட், ட்ரைஎத்தில் சிட்ரேட் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டியலில் தேடுங்கள். வாடை கட்டுப்படும். ஈரம் இருக்கும், மதியம் உடை மாற்ற வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் அதில் தவறே இல்லை. எந்தப் புதிய பொருளையும் முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் தினம் இருமுறை வீதம் ஒரு வாரம் பூசிப் பாருங்கள்.

*இரண்டுக்கும் அடங்காமல் சொட்டினால்,* அது மிகை வியர்வை என்ற மருத்துவ நிலையாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் இரு பக்கமும் ஒரே மாதிரி கொட்டுவது, தூக்கத்தில் நின்றுவிடுவது, 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருப்பது அதன் அடையாளங்கள். வீரியம் கூடிய அலுமினியம் குளோரைடு திரவம், பூசும் மருந்துகள், மாத்திரைகள், பல மாதங்கள் பலன் தரும் போட்டுலினம் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. மாறாக, திடீரென்று உடல் முழுவதும் வியர்ப்பது, இரவில் படுக்கை நனைவது, எடை குறைவது, காய்ச்சல் ஆகியவை வந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு

13 வயதில் வாடை வருவது முற்றிலும் இயல்பு. சுரப்பிகள் விழித்திருக்கின்றன, அவ்வளவுதான். தினமும் அக்குளைக் கழுவி நன்றாகத் துடைப்பது, வியர்த்த உடையை மறுநாள் போடாமல் இருப்பது, வாசனையில்லாத எளிய டியோடரன்ட், இவை போதும். உடை நனைந்து அவள் கூச்சப்பட்டால் வியர்வை தடுப்பானும் கொடுக்கலாம். கடைகளில் இளம் பெண்களைக் குறிவைத்து விற்கும் காட்டமான ஸ்ப்ரேக்கள் மட்டும் வேண்டாம். வாசனை அதிகம், மூச்சிலும் போகும்.

அவளிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘நாற்றம்’ என்ற சொல் ஒரு காலத்தில் நம் மொழியில் நறுமணத்தையே குறித்தது. இன்று அதை ஒரு குழந்தையிடம் சொன்னால் ஆண்டுக்கணக்கில் குத்திக்கொண்டிருக்கும். “உன் உடல் வளர்கிறது, இனி இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லுங்கள். யாரோ ஜன்னலைத் திறந்த சத்தம் உங்களுக்கு இன்னும் கேட்கிறது. அவளுக்கு அப்படி ஒரு சத்தம் கேட்கும் முன்பே நீங்கள் பேசிவிடப் பார்க்கிறீர்கள். அது நல்ல காரியம்.

ஒரு வேண்டுகோள். அந்த இயற்கைக் குச்சியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் தோல் அடங்காவிட்டாலோ, எரிச்சல் போய் அரிப்பு தொடங்கினாலோ, அதை உறையோடு எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். முதுகில் ஒட்டிச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனையில் 48 மணி நேரம் கழித்து ஒருமுறையும், அதன்பின் இரண்டொரு நாளில் மறுமுறையும் பார்ப்பார்கள். எந்தப் பொருளை உங்கள் தோல் மறுக்கிறது என்று பெயரோடு தெரிந்துவிடும். சோப்பு வாங்கினாலும் கிரீம் வாங்கினாலும், உறையின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.